சாக்கடை விஷயமாகச் சம்பந்திக்கு

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான் நலம். என் வீடுதான் நலமாக இல்லை. தாங்களும் சம்பந்தியம்மாளும் அங்கே மூத்த மகன் வீட்டில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் செய்துகொடுத்த பல்செட்டின் கீழ்வரிசை இப்போது ஈறில் உறுத்தாமல் இருக்கிறதா? படுக்கப்போகும் முன் கழற்றித் தண்ணீரில் போட்டுவைக்கிறீர்களா? பச்சைத் தண்ணீர்தான் போட வேண்டும், சுடுதண்ணீர் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன். சுடுதண்ணீர் என்று எழுதும்போதே எனக்குப் பேனாவை உடைக்கத் தோன்றுகிறது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

போனில் சொல்லியிருக்கலாமே, இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று தாங்கள் கேட்கலாம். போனில் தாங்கள் முதல் வாக்கியத்திலேயே சிரித்துவிடுகிறீர்கள். சிரிக்கிற மனிதரிடம் கோபப்பட எனக்கு வராது. போன வாரம் இதே விஷயத்தைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். "என்ன சம்பந்தி, பல்லெல்லாம் எப்படி விக்குது?" என்று தாங்கள் சிரித்தீர்கள், நானும் சிரித்துத் தொலைத்தேன், மழை வெயில் விசாரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டோம். வைத்த பிறகு என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். காகிதம் சிரிக்காது. ஆகையால் எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். என் ஒரே மகளைக் கட்டிய தங்கள் இளைய மகன் எங்கள் தெருவின் மேட்டு முனையில் கார் சர்வீஸ் சென்டர் வைத்திருப்பதும், அதன் மாடியில் அவர்கள் இருவரும் குடியிருப்பதும், அதே தெருவின் பள்ளத்துக் கோடியில் என் வீடு இருப்பதும் தாங்கள் அறிந்ததே. மகள் பக்கத்திலேயே இருக்கிறாள், கூப்பிட்டால் ஓடிவருவாள் என்று அன்றைக்கு நாம் எல்லோரும் பூரித்துப்போனோம். கூப்பிடாமலேயே வேறொன்று ஓடிவரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஒரு காலையில் குளித்துக்கொண்டிருந்தேன். தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, குவளையைக் கையால் துழாவுகிறேன், காலடியில் தண்ணீர் வடியவில்லை. வடியாததோடு ஏறவும் ஏறுகிறது. சரி, சோப்பு நுரை அடைத்திருக்கும் என்று காலால் துவாரத்தைத் தேய்த்தேன். சாக்கடைக்குள்ளிருந்து குடகுடவென்று ஒரு சத்தம் வந்தது, யாரோ அடியிலிருந்து வாய் கொப்பளிப்பது போல. கண்ணைத் திறந்தால் என் கணுக்கால் வரை கறுப்பு. சாதாரணக் கறுப்பு இல்லை சம்பந்தி, மேலே வானவில் மிதக்கிற கறுப்பு. பெட்ரோல் பங்க்கும் பழைய பாத்திரமும் சேர்ந்த வாடை. சோப்பு கண்ணில் இறங்கி எரிகிறது, கால் வழுக்குகிறது, பிடித்துக்கொள்ள ஒரு குழாய், அதுவும் ஆடுகிறது. "ஐயோ" என்று நான் போட்ட சத்தத்தில் என் மனைவி ஓடிவந்து கதவைத் தட்டினாள். எட்டிப் பார்த்தாள். மூக்கை மூடிக்கொண்டாள். "இது நம்ம வீட்டு அழுக்கு இல்லைங்க" என்றாள். இத்தனை வருஷம் இந்த வீட்டைக் கழுவித் துடைத்தவள், அவளுக்குத் தெரியாதா?

நானும் பார்த்தேன். பல்லளவு பொருளை உற்றுப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவன் நான். மெழுகு சீவுகிற கத்தியால் அதில் கொஞ்சம் வழித்து, வேலை மேடையில் வைத்து, பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆராய்ந்தேன். மேலே பிசுபிசுவென்று கிரீஸ். நடுவில் கலங்கல் தண்ணீர். அடியில் மணல், சேறு, இரும்புத்தூள், பிரேக் கட்டையிலிருந்து உதிர்ந்த பொடி. எங்கள் வீட்டில் காரும் இல்லை, பிரேக்கும் இல்லை. எங்களிடம் இருக்கும் ஒரே வண்டி என் மனைவி கடைக்கு இழுத்துக்கொண்டு போகிற இரண்டு சக்கரப் பை. அதற்கு யாரும் சர்வீஸ் செய்ததில்லை.

உடனே துடைத்துக்கொண்டு, அரைகுறையாகத் தலையைக் கழுவிக்கொண்டு, மேட்டுக்கு நடந்தேன். அங்கே தங்கள் மகன் ஒரு காரைத் தூக்கி நிறுத்தி அடியில் நின்றுகொண்டு பிரஷர் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். சக்கரத்துச் சேறு, இன்ஜினில் வழிந்த எண்ணெய், எல்லாம் தரையில் விழுந்து, நடுவில் இருக்கிற இரும்புக் கம்பிச் சல்லடை வழியாகச் சலசலவென்று உள்ளே போகிறது. எங்கே போகிறது? நேராக என் பாத்ரூமுக்குப் போகிறது! என்னைப் பார்த்ததும் தங்கள் மகன் தண்ணீரை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மரியாதையை வைத்துக்கொண்டு நான் குளிக்க முடியுமா?

"வாங்க மாமா. உக்காருங்க மாமா. என்ன மாமா தலையில நுரை?"

"நுரை இருக்கட்டும். உங்க கடை எண்ணெய் எங்க வீட்டுக்கு வருது."

"அப்படியா மாமா?"

"அப்படித்தான். என் காலப் பாருங்க."

குனிந்து பார்த்தார். விரலால் தொட்டுக்கூடப் பார்த்தார். "கியர் ஆயில் மாமா" என்றார். வைத்தியர் வியாதிக்குப் பெயர் சொல்வது போலச் சொல்லிவிட்டு நிமிர்ந்தார். என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். மாடிப்படியை ஒரு தரம் பார்த்தார். "கேட்டுட்டு சொல்றேன் மாமா."

கேட்டுவிட்டா? யாரைக் கேட்டுவிட்டு? கடை அவருடையது. வாசலில் அவர் படம் போட்ட பலகை தொங்குகிறது. கையில் ஸ்பானர் அவருடையது. சம்பந்தி, நான் ஒரு பல்லை ஒட்ட வேண்டுமென்றால் யாரைக் கேட்பேன்? தட்டிக்கழிக்கிறவர்கள் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான் இந்தக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன். நானும் விடாமல் போனேன். போகும்போதெல்லாம் இதே வார்த்தை, இதே படிக்கட்டுப் பார்வை. ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை, குரலை உயர்த்தவில்லை. நான் என்ன திட்டினாலும், "சரிதான் மாமா, நீங்க சொல்றது நியாயம்தான் மாமா" என்று தலையை ஆட்டினார். சுவரோடு சண்டை போட்டால்கூடக் கை வலிக்கும். உங்கள் மகனோடு சண்டை போட்டால் அதுகூடக் கிடைப்பதில்லை.

சரி, வேலைக்காகாது என்று வடிகால் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். லாரி வந்தது. பெரிய லாரி, பின்னால் உருளை, தடித்த குழாய், அதட்டலான சத்தம். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. என் வாசலில் இருக்கிற மேன்ஹோலைத் திறந்தால், உள்ளே குழாயின் வாய் முழுக்க ஒரு மஞ்சள் கட்டி. வாஸ்தவத்தில் நான் பிளாஸ்டரில் அச்சு எடுப்பது மாதிரி அந்தக் குழாயை யாரோ அச்சு எடுத்து வைத்திருக்கிறார்கள். கிரீஸும் மணலும் சேர்ந்து இறுகி, அதன்மேல் தெருவில் உள்ள அத்தனை வீட்டுக் குப்பையும் ஒட்டிக்கொண்டு, சுண்டுவிரல் நுழைய வழியில்லை. லாரிக்காரர்கள் தண்ணீரைப் பீய்ச்சி உடைத்து, உறிஞ்சி எடுத்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். ஆளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து வாசல்வரை வழியனுப்பினேன்.

லாரி எங்கே போனது தெரியுமா? நேரே மேட்டுக்குப் போய் உங்கள் மகன் கடைக்குள் திரும்பியது. நான் பின்னாலேயே ஓடினேன். ஓட்டுகிறவர் சாவகாசமாக இறங்கி, "எப்பவும் இங்கதான் சார் சர்வீஸ் விடறோம். தம்பி நல்லா கழுவித் தருவாரு" என்றார். என் வாசலில் உறிஞ்சிய சேறும் கிரீஸும் லாரி முழுக்க அப்பியிருக்கிறது. உங்கள் மகன் அதைச் சுத்தமாக, மூலை முடுக்கெல்லாம் விடாமல், பிரியமாகக் கழுவிவிட்டார். கழுவியது அந்த இரும்புச் சல்லடை வழியாக உள்ளே போனது. அன்று சாயங்காலமே என் பாத்ரூமில் குடகுட சத்தம். என் வீட்டிலிருந்து போனது ஊரைச் சுற்றக்கூட இல்லை, தெருவைத்தான் சுற்றிவிட்டுத் திரும்பி வந்துவிட்டது. "இப்படிப் பண்ணலாமாய்யா?" என்று அந்த ஓட்டுநரைக் கேட்டேன். "அப்புறம் வண்டிய எங்க சார் கழுவறது? எங்க ஆபீஸ்ல தண்ணி வர்றதில்ல" என்றார். இவர்கள்தான் சாக்கடையைக் காக்கிறவர்கள்.

அன்றைக்குத்தான் என் மனைவி புறப்பட்டாள். ஒரு பையில் நான்கு துணியை அடைத்துக்கொண்டு, "நான் எம் பொண்ணு வீட்டுக்குப் போறேன். சாக்கடை சரியானப்புறம் வர்றேன்" என்றாள். நானும் வரட்டுமா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "நீங்க வந்து என்ன பண்ணப்போறீங்க? கத்துவீங்க" என்றாள். போய்விட்டாள். கல்யாணமான நாளாய் ஒரு ராத்திரிகூட என்னைத் தனியாக விட்டதில்லை. உங்கள் மகனின் கிரீஸ் அதைச் சாதித்துவிட்டது.

இப்போது என் நிலைமையைக் கேளுங்கள். முகச்சவரம் செய்கிற கடையில் கெஞ்சிக் கூத்தாடி அவர்கள் பின்கட்டில் குளிக்கிறேன். குளித்து முடித்ததும் அந்த நாவிதர் என்னை வலுக்கட்டாயமாக நாற்காலியில் உட்காரவைத்து முடியைக் கத்தரித்துவிடுகிறார், இலவசக் குளியல் அவருக்குக் கட்டுப்படியாகாதாம். இனி வெட்டுவதற்கு என் தலையில் ஒன்றும் இல்லை. வேலை மேடைத் தொட்டியில் தண்ணீர் போகாததால் பல்செட் எதையும் முடிக்க முடியவில்லை. ஒரு வக்கீல் மேல்வரிசை இல்லாமல் கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறார். அவருடைய கட்சிக்காரர் வந்து என் வாசலில் நின்று சாபம் கொடுத்துவிட்டுப் போகிறார். எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வேன். காலையில் குடகுடவென்று சத்தம் வரும் பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அது மகள் வீட்டு மாடியில் வெந்நீரில் சுகமாகக் குளித்து விடுகிற தண்ணீர். என் மனைவி குளித்த தண்ணீர் என் வீட்டுக்கு வருகிறது, என் மனைவி வரவில்லை.

மறுபடி எழுதிக் கொடுத்து, இந்தத் தடவை வடிகால் அலுவலகத்து இன்ஜினியரம்மாவைக் கையோடு அழைத்துக்கொண்டு மேட்டுக்குப் போனேன். கறாரான பெண்மணி. வந்ததும் வராததுமாக, "உங்க கடையில எண்ணெயும் மண்ணும் பிடிக்கிற தொட்டி இருக்கா?" என்று கேட்டார். "இருக்கு மேடம்" என்றார் உங்கள் மகன். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இருக்கிறதா? இருந்துமா இந்த அநியாயம்?

எனக்கு இந்தத் தொட்டி சமாச்சாரம் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். பல்செட் செய்கிறவன் வீட்டில் தினமும் பிளாஸ்டர் கரைகிறது. அதை அப்படியே குழாயில் விட்டால் குழாய்க்குள்ளேயே கல்லாகிவிடும். அதனால் என் தொட்டிக்கு அடியில் ஒரு டப்பா வைத்திருக்கிறேன். அழுக்குத் தண்ணீர் முதலில் அதில் விழும், பிளாஸ்டர் அடியில் தங்கும், தெளிந்தது மட்டும் வழிந்து வெளியே போகும். கார் கடைத் தொட்டியும் இதேதான், கொஞ்சம் பெரிசு. சேறும் மணலும் அடியில் தங்கும், எண்ணெய் மேலே மிதக்கும், நடுவில் இருக்கிற தண்ணீரை மட்டும் சாக்கடைக்கு விட வேண்டும். ஆனால் தங்கியதை அவ்வப்போது அள்ளிக் கொட்ட வேண்டும். கொட்டாத டப்பா இருந்தும் இல்லாததுதான். என் மகள் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே அந்த டப்பாவைக் கழற்றி வழித்துக் கொட்டிப் பழகியவள். மூக்கைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு, ஆனாலும் கொட்டுவாள். அதற்குப் பெயர் வளர்ப்பு. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு டப்பா இருந்திருந்தால் நான் இன்று நாவிதர் கடைப் பின்கட்டில் நிற்க மாட்டேன்.

"தொட்டியத் தொறந்து காட்டுங்க" என்றார் இன்ஜினியரம்மா. உங்கள் மகன் எங்களை வாடிக்கையாளர்கள் உட்காருகிற அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நல்ல அறை. குளிர்சாதனம், கண்ணாடிக் கதவு, பளபளவென்று நீலமும் வெள்ளையுமாக டைல்ஸ், நடுவில் நீளமான சோபா. சோபாவில் யார்? என் மனைவி. கையில் ஒரு பத்திரிகையை வைத்துக்கொண்டு, காலை நீட்டிக்கொண்டு, மகாராணி மாதிரி. பக்கத்தில் நாலைந்து வாடிக்கையாளர்கள் உட்கார இடமில்லாமல் நிற்கிறார்கள். இவள் நகரவில்லை.

"தொட்டி எங்கங்க?" என்றார் இன்ஜினியரம்மா.

உங்கள் மகன் சோபாவைக் காட்டினார். "அத்தை உக்காந்திருக்காங்களே, அதுக்கு நேர் கீழ மேடம்."

"மூடி?"

"டைல்ஸுக்கு அடியில."

இன்ஜினியரம்மா செருப்பின் குதிகாலால் தரையைத் தட்டினார். டொம்மென்றது. சம்பந்தி, தொட்டியைக் கட்டி, மூடியைப் போட்டு, மூடியின்மேல் சிமெண்ட் பூசி, சிமெண்டின்மேல் டைல்ஸ் பதித்து, டைல்ஸின்மேல் சோபா போட்டு, சோபாவின்மேல் என் மனைவியை உட்காரவைத்திருக்கிறார்கள். எந்தப் பிறவியில் அதைத் திறந்து கொட்டுவது? என்றைக்கோ அடிமுதல் நுனிவரை நிரம்பிப்போய், இப்போது மேலிருந்து விழுவதெல்லாம் ஒரு வாசல் வழியாக நுழைந்து மறு வாசல் வழியாக என் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. வாயைக் கட்டிவிட்டுச் சோறு போடுகிறவர்களை இப்போதுதான் பார்க்கிறேன்.

"அப்ப இத்தனை நாளா என்னதான் பண்றீங்க?" என்றார் இன்ஜினியரம்மா. உங்கள் மகன் பெருமையாகவே சொன்னார்: "தண்ணி நின்னா சுடுதண்ணியும் சோப்பு லிக்விடும் ஊத்துவோம் மேடம். சரசரன்னு போயிடும்." போகாமல் என்ன? சூட்டில் கிரீஸ் உருகும், உருகித் தொட்டியைத் தாண்டும், தெருவுக்கு அடியில் ஓடும், பள்ளத்துக்கு வரும்போது ஆறும், ஆறினதும் உறையும். அது ஆறுகிற இடம் சரியாக என் வீட்டு வாசல். உங்கள் மகன் மேட்டில் உருக்குகிறார், நான் பள்ளத்தில் உறைந்ததை அனுபவிக்கிறேன். சுடுதண்ணீர் என்றால் எனக்கு ஏன் பேனாவை உடைக்கத் தோன்றுகிறது என்று இப்போது புரிகிறதா?

"மாசக் கடைசிக்குள்ள இந்தத் தரைய ஒடைச்சு, மூடியத் தொறந்து, தொட்டிய காலி பண்ணிக் காட்டணும். இல்லன்னா உங்க கனெக்‌ஷன அடைச்சிடுவோம். அப்புறம் கடைய மூட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டார் அந்த அம்மாள். "யாருங்க மூடி மேல டைல்ஸ் போடச் சொன்னது?" என்றும் கேட்டார். உங்கள் மகன் மறுபடியும் படிக்கட்டைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து என் மகள் டீத்தட்டோடு இறங்கி வந்தாள். பாவம், குழந்தையின் முகம் வெளிறிக் கிடந்தது. புருஷன் செய்த காரியத்துக்கு இவள் தலைகுனிந்து நிற்கிறாள். "வெளியூர்லேர்ந்து வரவழைச்ச டைல்ஸ் மேடம். ஒடைச்சா திரும்ப அதே நீலம் கிடைக்காது" என்று மெல்லச் சொன்னாள். கட்டியவனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிற அந்தக் குணம் யாருக்கு வரும்?

என் மனைவியாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? "எந்திரி, வீட்டுக்குப் போகலாம்" என்றேன். "தரைய ஒடைக்க சுத்தியலோட யாராச்சும் வரட்டும், அப்ப எந்திரிக்கிறேன்" என்றாள். குளிர்சாதன அறையைவிட்டு வர மனமில்லை, அதற்கு இப்படி ஒரு சாக்கு. ஆத்திரத்தில் டீயையும் குடிக்காமல் வந்துவிட்டேன். அதற்குச் சர்க்கரை வேறு கம்மி.

போதும். இனி மரியாதை பார்த்துப் பிரயோஜனமில்லை. சம்பந்தி, நேராகவே கேட்கிறேன். உங்கள் மகனை எப்படித்தான் வளர்த்தீர்கள்? தன் வீட்டு அழுக்கு எங்கே போய் விழுகிறது என்று ஒரு மனுஷன் யோசிக்க மாட்டாரா? கண்ணுக்குத் தெரியாமல் மூடிவிட்டால் இல்லாமல் போய்விடுமா? தெரியாமல் செய்தால் மன்னிக்கலாம். அடியில் தொட்டி இருக்கிறது என்று தெரிந்தே அதன்மேல் நீலக் கல் பதிக்கிற நெஞ்சழுத்தம் இருக்கிறதே, அது ஒரே நாளில் வருவதில்லை. சின்ன வயதில் செல்லம் கொடுத்துக் கெடுத்திருக்கிறீர்கள். கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். பிடிவாதம் பிடித்தபோது முதுகில் இரண்டு வைக்காமல் விட்டுவிட்டு, இன்று தெருவே நாறுகிறது.

நீங்கள் உடனே புறப்பட்டு வாருங்கள். வந்து உங்கள் மகனைக் கூப்பிட்டு, உட்காரவைத்து, தகப்பன் என்கிற முறையில் நன்றாக நாலு வார்த்தை கேளுங்கள். உங்கள் கையாலேயே முதல் கல்லை உடையுங்கள். என் மனைவி வீடு திரும்ப வேண்டும், நான் என் வீட்டில் குளிக்க வேண்டும். அதற்கு மேல் இந்த வயதில் எனக்கு ஓர் ஆசையும் இல்லை. மாட்டேன் என்றால் சொல்லிவிடுங்கள், அடுத்த முறை கீழ்வரிசை உறுத்தினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இதுவரை பொறுத்தேன், என் பல் சொந்தப் பல், இன்னும் கடித்தால் அதுவும் போய்விடும்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். மூத்த மகன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள், அவர்களாவது நன்றாகப் படித்து, மூடியைத் திறந்து பார்க்கிற பெரியவர்களாக வர வேண்டும். எல்லோருக்கும் ஆரோக்கியமும், தடையில்லாமல் வடிகிற குழாய்களும் அமையட்டும்.

இப்படிக்கு,
கோபம் தணியாத,
ஆனாலும் தங்கள் அன்புள்ள,
சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போட்டு நாக்கை வைக்கப்போன சமயம் என் மகள் வந்தாள், அவள் அம்மாவுக்கு மாற்றுத் துணி எடுத்துப்போக. மேஜைமேல் உறையைப் பார்த்துவிட்டுப் பிடுங்கிப் படித்தாள். நின்றபடியே முழுக்கப் படித்தாள். முடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இத அனுப்பாதீங்கப்பா. டைல்ஸ் போடச் சொன்னது நான்தான்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"வண்டிக்கு அடியில நிக்கறது மட்டும்தான் அவரு வேலை. மத்தபடி கடைய நடத்தறது நான். மூடிய மூடாத, ஆபத்துன்னு அவரு அன்னைக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டாரு. வர்றவங்க உக்கார எடம் வேணும், நாத்தமும் வரக்கூடாதுன்னு நான்தான் பிடிவாதம் பிடிச்சேன். சுடுதண்ணி யோசனையும் என்னோடதுதான். உங்ககிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் அவர்கிட்ட கெஞ்சினேன்."

"அப்ப உங்க அம்மா?"

"அம்மா வந்த அன்னைக்கே கண்டுபிடிச்சுட்டாங்க. அன்னைலேர்ந்து எங்கூடப் பேச்சில்ல. ஒடைக்கிற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்னு சோபாவுலயே உக்காந்திருக்காங்க. குளிச்ச தண்ணி இங்க வந்து தேங்கும்னு மேல வந்து குளிக்கறதுகூட இல்லப்பா. பக்கெட்ல துணிய நனைச்சுத் தொடைச்சுக்கறாங்க. கடைக்கு வர்ற யாராலயும் உக்கார முடியல. நான் தோத்துட்டேன். நாளைக்கு ஆள் வர்றான், ஒடைக்க."

சம்பந்தி, கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதத்தான் நினைத்தேன். ஆனால் இவ்வளவு நன்றாகக் கோபம் வந்து எழுதியிருக்கிறேன், வீணாக்க மனம் வரவில்லை. ஆகையால் மேலே எங்கெல்லாம் என்னால் உங்கள் மகன் திட்டு வாங்குகிறாரோ அங்கெல்லாம் என் மகள் என்று படித்துக்கொள்ளவும். செல்லம் கொடுத்துக் கெடுத்தது நான், கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுத்தது நான், முதுகில் இரண்டு வைக்காதது நான். நீங்கள் புறப்பட்டு வர வேண்டியதில்லை. அல்லது வாருங்கள், அவளை நாலு வார்த்தை கேட்க எனக்கு இப்போதும் வாய் வரவில்லை, பக்கத்தில் நீங்கள் இருந்தால் தைரியமாக இருக்கும்.

நான் அத்தனை நாள் போய் நின்று அத்தனை பேச்சுப் பேசினேன். மாப்பிள்ளை ஒரு நாள்கூட அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. படிக்கட்டைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் தன் தலையில் வாங்கிக்கொண்டார். உங்கள் மகனை எப்படித்தான் வளர்த்தீர்கள் என்று மேலே ஒரு கேள்வி கேட்டிருக்கிறேன். அதை மட்டும் மாற்ற வேண்டாம், அப்படியே இருக்கட்டும். தயவுசெய்து பதில் எழுதுங்கள்.